முதல் வாய் எனக்கு

என் மனைவியின் தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்து போன பிறகு, வீட்டில் எதையும் முதலில் வாயில் வைக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. அந்தக்கால ராஜாக்கள் இதற்கென்று ஆள் வைத்திருந்தார்களாம். தைரியசாலியாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நானோ கரப்பான் பறந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவன்.

அறுபதுகளில் நாங்கள் போர்ட் பிளேரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மைத்துனன் வடக்கு அந்தமானில், திக்லிபூரில் ரோடு போடும் காண்டிராக்டரிடம் மேஸ்திரி. எங்கள் தீவுகளில் காய்ச்சல் என்றால் அது மலேரியாதான். வேறு காய்ச்சல் வர அனுமதி கிடையாது. கூட இருந்தவர்கள் அவனுக்கு மலேரியா மாத்திரையைக் கொடுத்து, கம்பளியால் மூடி, கப்பல் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கப்பல் துறையில் வந்து இறங்கியவன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "இந்தாளு சி.ஐ.டி."

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர் இந்தியில் சொன்னார்: "இது மலேரியா இல்லை. மூளையே வீங்கியிருக்கிறது." காய்ச்சல் இறங்கியது. சந்தேகம் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "வயலில் கடல் தண்ணீர் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வடிந்துவிடும், உப்பு நிற்கும். சில இடத்தில் மண்ணே மாறிப்போகும். இவன் தலைக்குள் எது என்று திறந்து பார்க்க முடியாது. மாத்திரை கொடுங்கள், பொறுத்துப் பாருங்கள். மாத்திரையும் சோறும் வேண்டாம் என்று அடம்பிடித்தால், அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான்."

என் மனைவியின் காதில் விழுந்தது கப்பல் மட்டும்தான். "போனா இவன் திரும்பி வருவானாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாத்திரையை அவன் தொடவில்லை. சோற்றை மட்டும், நான் ஒரு வாய் தின்றால் தின்றான். ஒருநாள் வாசல் சுவரைக் காட்டினான். மலேரியா ஆட்கள் மருந்தடித்துவிட்டு எழுதிவிட்டுப் போன தேதி.

"நம்ம வீட்டுக்குக் குறி போட்டிருக்கான் மச்சான்."

"சும்மா இரு மாப்ள" என்றேன். அவன் குளிக்கப் போனதும், பூனை தேடுகிறவன் மாதிரி வரிசையில் இருந்த வீட்டுச் சுவர்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சில் தோன்றியது: அப்படியானால் மொத்த வரிசைக்கும் குறியா?

அந்த வாரத்தில்தான் சாயங்கால டீ கசக்க ஆரம்பித்தது. அவன் தம்ளரில் முதல் மடக்கு நான்தானே. பால்பவுடர் டப்பாவை முகர்ந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மீன்குழம்பு கொடுத்துவிட்டு ஏன் அவ்வளவு சிரிக்கிறாள் என்று யோசித்தேன். ஆபீஸில் தூக்கம் சொக்கியது. சரி, எனக்கும் மூளை வீங்குகிறது என்று தீர்மானித்து, தினமும் காலையில் தலையைச் சுற்றி நூல் கட்டி அளந்தேன். நூல் ஒருநாள் நீண்டது, ஒருநாள் குறைந்தது. முடி வெட்டிக்கொண்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என்னால் முடியவில்லை. தம்ளரைத் தரையில் வைத்துக் கத்தினேன்: "இதுல எதையோ கலக்குறாங்க!"

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் சொன்னேன்ல மச்சான்! நான் சொன்னேன்ல!"

சமையலறை வாசலில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள்.

"நான்தான்டா. டாக்டர் குடுத்த மாத்திரையை நான்தான் பொடிச்சுப் போட்டேன். உன்னக் கப்பல்ல ஏத்திருவாங்கன்னு..."

அவன் அக்காவையே பார்த்தான். இனி இவள் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான், கப்பல் உறுதி என்று நான் நினைத்தேன். அவன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப, கசந்தது நெசமா?"

"நெசம்" என்றேன்.

"கலந்ததும் நெசம்."

"நெசந்தான்டா" என்று அழுதாள் அவள்.

"சி.ஐ.டி.?"

"மாப்ள, நான் சி.ஐ.டி.யா இருந்தா இந்த ஓட்ட வீட்லயா இருப்பேன்?"

அவன் அண்ணாந்து, மழை ஒழுகிக் கறைபட்ட கூரையைக் கொஞ்சநேரம் பார்த்தான். அந்தச் சாட்சியம் செல்லுபடியானது போலிருந்தது. கையை நீட்டினான். "பொடிக்காத. முழுசாக் குடு, பாத்து முழுங்குறேன். ஆனா மச்சான் முதல்ல."

"எனக்கு எதுக்குடா? எனக்கு என்ன வியாதி?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை. முழு மாத்திரையை விழுங்கினேன். விழுங்கியதும் நாக்கு மரத்தது, நெஞ்சு படபடத்தது, இன்ஷூரன்ஸ் எடுக்காமல் போனது ஞாபகம் வந்தது. பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வெயில் நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. ஆபீஸ் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. என் மூக்கின் கீழே யாரோ விரல் வைத்திருந்தார்கள். அவன்தான். பக்கத்தில் சம்மணம் போட்டு, மூச்சு வருகிறதா என்று காவல் இருந்திருக்கிறான். ராத்திரி முழுக்க நகரவில்லை என்று அவள் அப்புறம் சொன்னாள்.

நான் கண் திறந்ததும் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்:

"அக்கா, மச்சான் சாகல. தண்ணி கொண்டா, நானும் போட்டுக்கிறேன்."