சனிக்கிழமை வராத முதலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாரி தொடங்குமுன், பறவைப் பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். கடலோடு சேரும் எங்கள் வாவியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஊர்ச்சனங்களே பார்த்து எழுதித் தரவேண்டும் என்றார். கையில் ஒரு கட்டுப் படிவம் வைத்திருந்தார். கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, நீர்நாய், முதலை என்று வரிசையாக அச்சடித்து, எதிரே எத்தனை, எங்கே, கண்டவர் யார் என்று கட்டம் போட்டிருந்தது. யார் கண்டாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு மனிதர் திருகோணமலைக்குப் போய்விட்டார்.

யார் கண்டாலும் எழுதுவதா? எங்கள் பெரியவர்கள் அதற்கு விடுவார்களா? உடனே ஒரு சபை கூட்டினார்கள். யார் தலைவர் என்பதிலேயே மூன்று கூட்டம் போயிற்று. கடைசியில், வழக்குப் பேசும் பெரிய பிறக்கிராசியார் தலைவரானார்; ஏனென்றால் நாங்கள் உட்கார்ந்த கதிரைகள் அவருடையவை. காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு உபதலைவர். இன்னும் இரண்டு கனவான்கள் சும்மா இருந்தார்கள். இருபத்தாறு வயது வாத்தியாரான நான் காரியதரிசி. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக வேண்டுமானால் கல்விக் கந்தோருக்கு, அதாவது கல்வி அலுவலகத்துக்கு, தலைவர் ஒரு கடிதம் எழுதவேண்டும். இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நாலாவது கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. சபை அங்கத்தவர் இருவர் நேரிற் கண்டு கையொப்பமிட்டாலன்றி எந்த உயிரும் வாவியில் இருப்பதாகக் கொள்ளப்படாது. வாவியில் இருந்த உயிர்களுக்கு இது அறிவிக்கப்படவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்குக் கதிரைகள் வாவிக்கரைக்குப் போகும். பின்னால் தேத்தண்ணியும் வாழைப்பழமும் போகும். தலைவர் கோட்டுப் போட்டுத் தூரக்கண்ணாடியோடு உட்காருவார். அக்கரைக்குப் போன கொக்கு திரும்பி வந்தால் அதை மறுபடி எண்ணுவதா என்று ஒருநாள் பெரிய வாக்குவாதம். வேறு திசையிலிருந்து வருவதால் வேறு கொக்குத்தான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அந்த மாரியில் எங்கள் ஊரில் கொக்கு பெருகிய மாதிரி உலகத்தில் எங்கும் பெருகியிராது.

ஒரு புதன்கிழமை, ஊருக்கு உடுப்பு வெளுக்கிற பெண் என் மூட்டையை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வாத்தியார் ஐயா, துறையடியில முதலை ஒண்டு கிடக்கு. நாலு நாளாக் காணுறன். உங்கட கடதாசியில அதையும் போடுங்க."

"என்னத்துக்கு?"

"கடதாசி துரைக்குத்தானே போகுது? அவர் கண்டாக் கம்பு போடச் சொல்லுவார். வேலி பாதி உக்கிப் போச்சு. விடியத் தொட்டு முழங்கால் தண்ணிக்குள்ள நிக்கிறது நானெல்லோ?"

துறைக்குள் முதலை வராமல் கண்டற்கம்புகளை நெருக்கி நட்டு அடைத்த வேலி அது. மாரி வெள்ளத்தோடு குளங்களிலிருந்து முதலைகள் வாவிக்கு இறங்கிவரும். தண்ணீர் உப்புக் குறைந்து உடுப்புத் தோய்க்க வாய்ப்பாக இருப்பதும் அதே மாதங்களில்தான்.

அடுத்த நாள் விடிய நானும் துறைக்குப் போனேன். அவள் விரலை நீட்டினாள். வேலிக்கு அப்பால் தென்னங்குற்றி ஒன்று கிடந்தது. குற்றி வாயைத் திறந்தது. நான் நாலடி பின்னால் போய்விட்டேன்.

சனிக்கிழமை சபையில் சொன்னேன்.

"ஆர் கண்டது?" என்று தலைவர் கேட்டார்.

"உடுப்பு வெளுக்கிறவ. நானும் கண்டன், ஐயா."

"அவ அங்கத்தவரோ?"

"இல்லை."

"அப்ப ஒரு ஆள்தான். தீர்மானத்தை எழுதினது நீர்தானே?"

ஒருநாள் விடிய வந்து பாருங்கள் என்று நொத்தாரிசைக் கெஞ்சினேன். "பனி கூடாது தம்பி, எனக்கு இழுப்பு" என்றார் அவர். "சனிக்கிழமை பின்னேரம் வர மனமில்லாத முதலையை நாங்க எப்பிடிக் கணக்கெடுக்கிறது?"

தலைவர் தூரக்கண்ணாடியைத் துடைத்தார். "கொக்கு எண்டு எழுதினா ஊருக்கு அழகு. முதலை எண்டு எழுதினா, நாங்க காட்டுக்குள்ள கிடக்கிறம் எண்டு துரை நினைப்பார். அதுசரி, உம்மட விசயமாக் கந்தோருக்கு நான் எழுதவேணும், என்ன?"

முதலை என்ற வரிக்கு எதிரே, இல்லை என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

படிவங்களைப் பார்த்துத் துரை மகிழ்ந்துபோய், சபையைப் பாராட்ட நேரில் வருவதாகக் கடிதம் போட்டார். உடனே பந்தல் போடவேண்டும் என்றார் தலைவர். முதலை இல்லாத துறைக்கு வேலி எதற்கு என்று கேட்டு, உக்காமல் நின்ற கம்புகளையெல்லாம் பந்தற்காலுக்குப் பிடுங்கச் சொன்னார். அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, கம்பைப் பிடுங்குறாங்க. நீங்க எழுதல்லையா?"

"பாப்பம்" என்றேன்.

வியாழக்கிழமை விடிய முதலை அவளுடைய காலைப் பிடித்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் துடுப்பால் அடித்து மீட்டார்கள். ஆசுபத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சேதி கேட்டுத் தலைவர் பதறிப்போனார். பாராட்டுக் கூட்டத்துக்கு வெளுக்கப் போட்ட வெள்ளைக் கோட்டு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அது வாவியோடு போய்விட்டது.

அன்றைக்கே அவசரக் கூட்டம். மூன்று நிமிடத்தில் முடிந்தது. முதலை ஒன்று, கண்டவர் என்ற இடத்தில் ஐந்து கையெழுத்து. என்னைத் தவிர மற்ற நால்வரும் அதன் வாலைக்கூடக் கண்டதில்லை. இதைச் சபையின் கண்டுபிடிப்பாகத் துரைக்கு வாசித்துக் காட்டுவது என்றும் முடிவாயிற்று. சனிக்கிழமைப் பாராட்டுக் கூட்டத்தைத் தள்ளிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை, பந்தலுக்குப் போகிற வழியில் ஆசுபத்திரிக்குப் போனேன். அவள் படுத்திருந்தாள். பதினாறு வயது மகள் காலடியில் இருந்தாள்.

"கம்பு திரும்பப் போட்டாச்சா ஐயா?"

அந்த நிலையில் கிடக்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது? "போட்டாச்சு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மகளைப் பார்த்து, "எழும்பு புள்ள. ஐயா சொல்றாரெல்லோ. ஊருடுப்புக் குவிஞ்சு கிடக்கு, துறைக்குப் போ" என்றாள்.

பெண் எழும்பிக் கொண்டையை முடிந்தாள். வாசல்வரை போய்விட்டாள்.

"போகாத புள்ள" என்றேன். "கம்பு போடல்ல. எல்லாம் பந்தலில நிக்குது. முதலை இல்லை எண்டு எழுதினது நான்தான்."

தாய் என் பக்கம் திரும்பினாள். கோபமாக ஏதாவது சொன்னால் நன்றாயிருக்கும் என்று நின்றேன்.

"நான் காட்டி, உங்கட கண்ணால கண்டாப் பிறகா இல்லை எண்டு எழுதினீங்க ஐயா?" என்று கேட்டாள்.