டீசல் டாக்டரின் மச்சினி

டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். பம்ப்பைச் சோதனை மேடையில் பூட்டிச் சுற்றவிட்டு, ஒவ்வொரு குழாயிலிருந்தும் எவ்வளவு டீசல் விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்கிற வேலை. அந்தப் பட்டறை மூடப்பட்டதும் கடைத்தெருவில் ஒரு உதிரிபாகக் கடைக்கு வந்து சேர்ந்தாள். உட்கார ஒரு முக்காலி, முதுகுக்குப் பின்னால் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். பதின்மூன்று வருஷமாக அங்கேதான். இத்தனை வருஷத்தில் அவள் மனசார மதித்த மெக்கானிக்குகளை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிச்சமிருக்கும்.

"வண்டி ஓடி ஓடி நிக்குது, நாசில் குடுங்க" என்று, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகத்தைக் கேட்டு வந்து நிற்பார்கள். ஏன் நிற்கிறது என்று எவனும் பார்த்திருக்க மாட்டான். ஃபில்டரில் அழுக்கா, குழாயில் காற்றா, ஒன்றும் தெரியாது. வயிற்றுவலிக்காரனுக்குக் கிட்னியை மாற்றுகிற கூட்டம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டியை எடுத்துப் போடுவாள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை அவளுடைய அக்கா புருஷன். அவளிருந்த அதே பட்டறையில் நாலு மாசம் தரை துடைத்துவிட்டு, கழற்றிய பம்ப்பைத் திரும்ப மாட்டத் தெரியாமல் வெளியேறியவர். இப்போது ஷெட் வாசலில் 'டீசல் டாக்டர்' என்று ஆளுயரப் பலகை. நீலக்கோட்டு வேறு. பையில் நாலு பேனா சொருகியிருப்பார், ஒன்றாவது எழுதுமா என்பது சந்தேகம்.

ஒருநாள் காலை கடைக்குள் நுழைந்து கவுண்டரைத் தட்டினார். "நாத்து நர்சரிக்காரர் டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் ஒண்ணு எடு. சின்ன வண்டி. முக்கால் மணி நேரம் ஓடுது, அப்புறம் மூச்சு முட்டி நிக்குது."

"அப்புறம் ஸ்டார்ட் ஆகுதா அத்தான்?"

"நான் போனா ஆகாம இருக்குமா?"

ஃபில்டர் போயிற்று. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வண்டி மறுபடி நின்றுவிட்டதாம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளுகிற ஃபீட் பம்ப் வேண்டுமாம்.

"டேங்க் மூடியைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"மூடியா?" அத்தான் சிரித்தார். "போனதும் நான் செய்யற முதல் வேலையே அதுதான். மூடியைத் திறந்து, டீசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஸ்பேனரையே தொடுவேன். இதெல்லாம் எனக்கு நீ சொல்லித்தரணுமா?"

அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்ப டேங்குக்குள் காற்று போயாக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அது அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது, எஞ்சின் அணைந்துவிடும். இந்த மனுஷர் மூடியைத் திறக்கிறார், காற்று புகுந்துவிடுகிறது. அப்புறம் எதை மாட்டினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். வைத்தியம் நடந்து முடிந்தபிறகு டாக்டர் ஊசி போடுகிறார்!

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'படட்டும்' என்று நினைத்தாள். இன்னும் எவ்வளவு தூரம் போகிறார் பார்க்கலாம் என்ற குரூரமான ஆசை. ஃபீட் பம்ப்பை எடுத்து வைத்தாள். அடுத்த வாரம் நாசில் கேட்டார், அதையும் வைத்தாள். அவர் படியிறங்கும்போது அந்த நீலக்கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பதினோராம் நாள் அவருடன் நர்சரிக்காரரும் வந்தார். முழங்கால்வரை சேறு, அதிர்ந்து பேசாத ஆள்.

"பெரிய பம்ப்பையே மாத்திடலாம்னு சொல்றேன்" என்றார் அத்தான்.

நர்சரிக்காரர் அவளைப் பார்த்தார். "ஒரு விஷயம்மா. டேங்க் நிறைய ஊத்தினா சீக்கிரமா நிக்குது. பாதி ஊத்தினா கொஞ்சம் அதிகமா ஓடுது. எனக்குப் புரியல. இவர்கிட்ட சொன்னேன், டீசல் மோசம்னுட்டார்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், வெற்றிடம் சீக்கிரம் உண்டாகும். நோய் தன் பெயரை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "மூடி பழசா?"

"பழசு தொலைஞ்சுபோச்சு. போன மாசம் சார்தான் வேற ஏதோ வண்டியோடது ஒண்ணு போட்டுவிட்டார். நல்லா இறுக்கமா இருக்கு."

அத்தான் சட்டென்று பேனாக்களைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

மதியம் கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு, துளையுள்ள மூடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் நர்சரிக்குப் போனாள். அங்கே நர்சரிக்காரரின் மனைவி, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாற்றுத் தட்டுகளைத் தலையில் சுமந்து கொண்டிருந்தார். பதினோரு நாளாகச் சுமக்கிறாராம். அதை அவள் எதிர்பார்த்து வரவில்லை.

டேங்க் நிறைய ஊற்றி, டிராக்டரை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். முப்பத்தைந்தாவது நிமிஷம் எஞ்சின் இருமி, குரல் தேய்ந்து, நின்றது. "இப்ப மூடியை மெதுவா திருகுங்க. காதைக் கிட்ட வைங்க" என்றாள். நர்சரிக்காரர் திருகினார். டேங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உறிஞ்சியது. சாவியைத் திருப்பியதும் சிறிது திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"கழட்டினதுல எதுவும் கெட்டுப்போகல. இந்த மூடிதான்" என்று புதியதை மாட்டினாள். பின்னாலேயே வந்திருந்த அத்தான் தொண்டையைச் செருமினார். "நான் போட்ட நாசிலும் இப்பத்தான் செட் ஆகியிருக்கு, அதான்..."

அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நர்சரிக்காரர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில உக்காந்தே கண்டுபிடிச்சிட்டீங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஃபீட் பம்ப் வாங்கினப்பவே."

அவர் கோபப்படவில்லை. மனைவியின் தலையிலிருந்த தட்டை இறக்கி வைத்தார். "சாருக்குத் தெரியாது, சரி. நீங்க தெரிஞ்சுக்கிட்டே எடுத்துக் குடுத்திருக்கீங்க." அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களை அவளே பார்த்துவந்த பார்வை.

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, நன்றிகெட்ட ஜென்மம் என்று அவரைத் திட்டினாள். பாதி வழியில் திட்டு நின்றுபோயிற்று. தலையில் தட்டோடு நின்ற அந்தப் பெண்பிள்ளையின் கழுத்துதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

மறுநாள் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஊரார் முன்னாடி உங்க அத்தான் மூக்கை அறுத்துட்டியேடி."

"அறுத்தாலாவது அந்தத் துளை வழியா கொஞ்சம் காத்து உள்ள போகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் அக்கா பேசவில்லை.

அவள் திருந்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. வருகிறவர்களைப் பார்த்து இன்னமும் உதட்டைப் பிதுக்குகிறாள். ஆனால் பெட்டியை எடுக்குமுன் நாலு கேள்வி கேட்கிறாள். பதில் தப்பென்றால் பெட்டி வராது. முதலாளி முணுமுணுக்கிறார்.

ஒன்றரை மாசம் கழித்து நர்சரிக்காரர் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை. "டீசல் சுத்தமா தீர்ந்து நின்னுச்சு. ஊத்திட்டேன். பிடிக்கல. வெள்ளைப் புகைகூட வரல."

"எஞ்சினுக்கு டீசலே போகல, குழாய்ல காத்து புகுந்திருக்கு. ஃபில்டர் மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும், லேசா தளர்த்துங்க. ஃபீட் பம்ப்ல இருக்கற கைப்பிடியை அடிச்சுக்கிட்டே இருங்க. நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் இறுக்குங்க."

போனைக் காதிலேயே வைத்திருந்தாள். உலோகம் உரசும் சத்தம், 'இன்னும் நுரை வருது' என்று அவர் மனைவியின் குரல், கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் தடதடத்தது.

"ஓடுது" என்றார். நன்றி சொல்லாமல் வைத்துவிட்டார்.

மரியாதை தெரியாத மனுஷர்தான். ஆனால் என்ன கோளாறு என்று ஒரு சொல் அதிகமில்லாமல் சொல்லத் தெரிந்தவர். அவருடைய எண்ணைக் கைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, காத்திருந்த அடுத்த ஆளிடம் திரும்பினாள். "சொல்லுங்க, வண்டில என்ன பாத்தீங்க?"