லூர்தம்மாவின் திருநீற்று டப்பா

புளத்கொகுபிட்டியப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி லூர்தம்மா. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அங்கே வேலை பார்ப்பவர்களில் தமிழ் பேசும் ஒரே ஆளும் அவள்தான். நர்ஸ் மிஸ்ஸிமார் அதட்டினால் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிசு.

தாய்மாரை உள்ளே விடுவதில்லை. அதனால் கோயில் திருநீற்றை அவளிடம் நீட்டி, "எம் புள்ளைக்குப் பூசி விடுங்கக்கா" என்பார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை காண்கிற லூர்தம்மா மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொள்வாள். எல்லார் திருநீறும் ஒரே டப்பாவில் சேர்ந்தது. காலையில் கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு கீற்று இடுவாள். கையுறை போட்டுக்கொண்டா திருநீறு பூசுவார்கள்?

2006 மழைக்காலத்தில், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ஒன்று அந்தப் பிரிவுக்குள் புகுந்தது. சளிக்காய்ச்சலுக்கு வந்து தேறிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. அவள் தோட்டத்து வெள்ளையம்மாவின் மகள், மூன்று வயது துஷ்யந்திக்கும் கண்டது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. லூர்தம்மா பதறிப்போய் முன்னிலும் அதிகமாகத் திருநீறு பூசினாள். பிள்ளை போய்விட்டது.

பிறகு கண்ட இடமெல்லாம் பஞ்சால் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி தண்ணீர்க் குழாயில் இருந்தது, ஒரு மிஸ்ஸியின் கையில் இருந்தது, லூர்தம்மாவின் டப்பாவிலும் இருந்தது. எதிலிருந்து யாருக்குப் போனதென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்த ஆறுதல் அவளிடம் ஒட்டவில்லை.

காரியம் முடிந்து வெள்ளையம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். லூர்தம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் நீங்களாவது தொட்டீங்களே அக்கா. எம் புள்ள அனாதையாப் போகல."

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் லூர்தம்மா சொல்லிவிட்டாள்.

"நான் தொட்டதாலயும் வந்திருக்கலாம்னு சொல்றாங்க, வெள்ளையம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு."

வெள்ளையம்மா பிடித்திருந்த கையை விட்டாள். பழத்தை உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யார் திருநீறு கொடுத்தாலும் லூர்தம்மா வாங்குவதில்லை. நடையில் இருக்கும் கண்ணாடி ஜன்னலுக்குக் கூட்டிப்போய், "இங்கேருந்தே புள்ளைய நெனச்சுப் பூசுங்கம்மா" என்பாள். தாய்மார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிற நெற்றியைப் பார்த்துக் கண்ணாடியிலேயே கீற்று இடுவார்கள்.

அந்தப் பிரிவில் தூசு இருக்க விடமாட்டாள் லூர்தம்மா. அந்த ஜன்னலின் வெளிப்பக்கத்தை மட்டும் அவள் துடைப்பதே இல்லை.