கேசட் சொன்ன நேரம்

பத்தாவதோடு நின்ற நான் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் எனக்கு டீக்கடை. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய அவர், விடியலில் டேப் ரெக்கார்டரை என் பெஞ்சில் வைத்துவிட்டு மணலில் ஓடுவார். ஒல்லி உடம்பு, பெரிய காது. "ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்" என்று கடிகாரம் பார்த்து அவரே பேசிப் பதிந்த கேசட் அது. "ஏழு" என்று அது சொல்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒருநாளும் முடிந்ததில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் முதல்முறையாக முந்தி வந்தார்.

"பாத்தியா அண்ணாத்த! இந்த வருஷம் வுட்டா வயசு தாண்டிடும்னு வூட்ல ஒரே அழுகை. நாளைக்கும் இதே ஓட்டந்தான். மூச்சுகூட வாங்கல!"

கேசட்டில் அவர் குரல் தடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்கியதில் அவருடைய நிமிடங்கள் நீண்டிருந்தன.

"பேட்டரி மாத்தினியா?" என்றேன்.

"கண்ணு வெக்காத அண்ணாத்த, டீ போடு!"

அந்தச் சிரிப்பின் முன்னால் மேற்கொண்டு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. டீ போட்டேன். சொல்லியிருந்தால் வேகம் கூட்டியிருப்பாரா, மனம் உடைந்திருப்பாரா, இன்றும் தெரியவில்லை.

மறுநாள் செங்கல்பட்டு மைதானத்தில் அவர் ஒன்பது நொடி பிந்தி வந்தார்.