ஜெபத்தில் கடித்த பல்

அவளுக்கு வேலை, அடுத்தவர் தலையில் ஒயர் ஒட்டுவது. ஆஸ்பத்திரியின் இ.இ.ஜி. அறையில், பசை தொட்டு இருபத்தொரு ஒயர்களை மண்டையில் பதித்து, மூளையின் மின்னோட்டம் திரையில் கோடுகளாக ஓடுவதைப் பதிவுசெய்வாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தலைகளைப் பார்த்தாயிற்று. சொந்தத் தலை மட்டும் பாக்கி.

கணவன் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம். அன்றிலிருந்து ஜெபம் ஒட்டவில்லை. முழங்காலில் நின்று, "பரலோகப் பிதாவே, தேவரீர் கிருபையாய்..." என்று தொடங்குவாள். சுவரிடம் மனுக் கொடுத்த மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமும். ஆண்டவர் தன்னைக் கைகழுவிவிட்டார் என்றே நம்பத் தொடங்கியிருந்தாள். சபையில் மூச்சுவிடவில்லை, சொன்னால் ஆளுக்கொரு வசனத்தோடு வீடு தேடி வந்துவிடுவார்கள்.

அன்று புது மெஷின் வந்தது. சோதித்துப் பார்க்க ஒரு தலை வேண்டும். அவள் தலையே அகப்பட்டது. ஒயர் ஒட்டித் திரையைப் பார்க்கப் பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரன் வந்தான்.

"அக்கா, உள்ள ஏதாவது ஓடுதான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடா."

கண்ணை மூடியவள், சும்மா இருப்பானேன் என்று மனசுக்குள் ஜெபித்தாள்.

"அக்கா! யாரோட சண்டை? திரை பூரா முள்ளுக்காடு!"

பார்த்தாள். இரண்டு நெற்றிப்பொட்டிலிருந்தும் வரும் கோடுகள் கருகருவென்று கிடந்தன. அது மூளையே இல்லை. பல்லைக் கடித்தால் தாடைத் தசை ஆடுகிற கூத்து. தினம் பத்துப் பேரிடம் "பல்லைக் கடிக்காதீங்க" என்று சொல்கிறவள் அவள்.

"ஜெபம்தாண்டா பண்ணேன்."

"இப்படியா? ஆண்டவரே பயந்திருப்பாருக்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கொஞ்சம் வெளிய இரு," என்றாள்.

ஜெபம் மூளையின் எந்த மூலையில் இருக்கிறது என்று மெஷின் சொல்லவில்லை; எங்கே அடைத்துக்கொண்டது என்று காட்டிவிட்டது. ஒயர்களோடு உட்கார்ந்து தாடையைத் தளரவிட்டாள். இந்த முறை வாயில் வந்தது ‘தேவரீர்’ அல்ல.

"ஏன் அவரைக் கூட்டிட்டுப் போனீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு ஆளுக்கு எப்படிச் சமைக்கிறதுன்னே எனக்குத் தெரியல, ஆண்டவரே."

அவள் விசும்பியதில் திரை என்ன பாடுபட்டது என்பது மெஷினுக்கே வெளிச்சம். மேலேயிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. கதவுதான் தட்டப்பட்டது.

"அக்கா, முடிஞ்சுதா?"

"இருடா," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."