அப்பனே வந்தாலும் அட்டை கேள்

மடிக்கணினியைத் திறந்ததும் கில்தாஸ் முதலில் கேமராவின்மேல் ஒட்டிய கறுப்பு நாடாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நேற்று ஒட்டியது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதற்கப்புறம் கறுப்புச் சட்டையின் முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். பிரான்சின் ரென் நகரத்தில் மழைக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அது வெளியே பெய்கிறது, அறைக்குள் இல்லை. நாற்பத்து நான்கு வயது மனிதருக்கு முக்காடு போட்டால்தான் சைபர் பாதுகாப்பு வருகிறது போலும்.

போன வருடம் வரை அவர் வீட்டுத் தரகர். ஓட்டை விழுந்த கூரையைக்கூட 'நல்ல காற்றோட்டம்' என்று சொல்லி விற்றவர். பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க இணைய வகுப்பில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கினார், தரகுக் கடையை இழுத்து மூடினார், எங்கள் வெண்ணெய் பிஸ்கட் தொழிற்சாலையின் கணினிப் பாதுகாப்பு அறைக்கு வந்து சேர்ந்தார். தரகுப் புத்தி மட்டும் கூடவே வந்துவிட்டது. சர்வரைக் காட்டினால், "இது தெருவப் பாத்த வீடு மாதிரிப்பா, எவன் வேணா எட்டிப் பாப்பான்" என்பார். எச்சரிக்கைச் செய்திகளைப் படித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அது சலிப்பான வேலை. அவர் அதைச் செய்து நான் கண்டதில்லை.

உபதேசத்துக்குக் குறைவே கிடையாது. அடுப்புப் பிரிவின் தலைவி அர்மெல் ஒருநாள் ருசி பார்க்கச் சொல்லிப் புது பிஸ்கட் கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் தட்டு.

"கில்தாஸ், கொஞ்சம் கதவப் பிடிங்களேன்."

"அடையாள அட்டை?"

"தினம் என்னைப் பாக்குறீங்க, இன்னைக்கு என்ன புதுசா அட்டை?"

"அப்பனே வந்தாலும் அட்டை கேளு. எங்க தொழிலோட முதல் பாடம் அது."

"உங்கப்பா பிஸ்கட் எடுத்துட்டு வந்தா அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள். பிஸ்கட் போச்சு. அன்று நாங்கள் அவரைச் சபித்தது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கணினியைப் பூட்டாமல் ஒருவர் எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவர் அந்த ஆளின் பெயரிலேயே எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவார்: 'நாளைக் காலை குரோசான் என் செலவு.' மாட்டியவர் மறுநாள் அந்த வெண்ணெய் ரொட்டிகளைப் பெட்டி நிறைய வாங்கி வந்துதான் ஆகவேண்டும். தண்டனையும் அதுதான், பாடமும் அதுதான். கில்தாசும் எத்தனையோ முறை எங்கள் குரோசானைத் தின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வாயெல்லாம் துகளோடு, "பிறந்த நாளா? நல்லா இருப்பா!" என்று வாழ்த்தினார். இத்தனை பேர் எப்படி வருடத்தில் ரெண்டு தடவை பிறக்கிறோம் என்று யோசிக்கவேயில்லை, மகராசன்.

அவருடைய சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடியவிருந்தது. அதற்குள் ஒரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கடையோ மூடியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, காப்பி எடுக்க எழுந்து போனார். நாடா ஒட்டிய கணினி அப்படியே பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. அடுத்த மேசைக்காரி சொலேன், தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவள், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எட்டி நாலு தட்டுத் தட்டினாள். முடிந்தது.

காப்பியோடு வந்தவர் தன் பெயரில் தனக்கே வந்திருந்த செய்தியைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "உள்ள வந்துட்டானுங்க" என்று முனகினார். கொஞ்சம் தலையைத் திருப்பி, "இது யாரு வேலை?" என்று கேட்டிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரே வீரச்செயல் நினைவுக்கு வந்துவிட்டது அவருக்கு. நாங்கள் "யோவ், யோவ்!" என்று எழுவதற்குள் தொழிற்சாலையின் வலைப்பின்னல் மொத்தத்தையும் துண்டித்துவிட்டார்.

பிஸ்கட்டைச் சுமந்து அடுப்புக்குள் ஓடும் பட்டையும் அந்த வலைப்பின்னலில்தான் இருக்கிறது. பட்டை நின்றது, நெருப்பு நிற்கவில்லை. உள்ளே இருந்த பிஸ்கட் அத்தனையும் கரி. அர்மெல் ஓடிவந்தாள். "எந்தப் புண்ணியவான்டா அது?" என்று அவள் கத்தியது வண்டி நிறுத்துமிடம் வரை கேட்டது.

இயக்குநர் தெலபோர்த் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெண்ணெயைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, கணினியைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. சொலேன் தானாகவே முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் அனுப்பினேன். விளையாட்டுக்கு. பூட்டாம போனா இப்படி அனுப்புறது வழக்கம்."

"ஆமா சார், நாங்க எல்லாருமே செய்வோம். நானும் செஞ்சிருக்கேன்" என்றேன் நான்.

இயக்குநர் கில்தாஸ் பக்கம் திரும்பினார். "நீங்க பூட்டாம போனீங்களா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். அதைச் சொன்னால் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முக்காட்டை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஓட்டைக் கூரையை விற்ற அதே குழைந்த குரல் வந்தது.

"பூட்டிட்டுத்தான் சார் போனேன். கடவுச்சொல்லை எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னுதான் புரியல. சின்னப் பொண்ணு, நான் தப்பு சொல்லல. ஆனா விதிப்படி இது ஊடுருவல்."

"கில்தாஸ்! என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் சொலேன்.

கில்தாஸ் சுவரில் மாட்டியிருந்த பிஸ்கட் விளம்பரத்தைப் பார்த்தார். நானும் மற்றவர்களும் மாறி மாறிச் சொன்னோம், கணினி திறந்துதான் கிடந்தது என்று. "நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசத்தான் செய்வீங்க" என்றார் இயக்குநர். சந்தேகம் வந்ததும் தயங்காமல் மூடினாரே, அந்தத் துணிச்சல்தான் தனக்கு வேண்டும் என்றும் சொன்னார். கரியான பிஸ்கட்டுக்குக்கூட சொலேன்தான் காரணமாம். அன்று மாலையே அவள் தன் செடித்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் அர்மெல் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி கில்தாசை 'அவர்' என்று எழுத எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வேலை நிரந்தரமாயிற்று. திங்கட்கிழமை காலை பெரிய பெட்டி நிறைய குரோசானோடு வந்தான். சூடு ஆறாத வெண்ணெய் வாசனை அறை முழுக்க. வைக்க இடம் தேடி, காலியாக இருந்த சொலேனின் மேசைமேல் வைத்தான்.

"எடுத்துக்கங்கப்பா. என் செலவு. இந்தத் தடவை நானே என் கையால அனுப்பின அழைப்பு இது!" என்று சிரித்தான்.

விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் எழவில்லை. அர்மெல் ஏதோ தாளோடு உள்ளே வந்தாள், பெட்டியைப் பார்த்தாள், அந்த மேசையைப் பார்த்தாள், தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கில்தாஸ் தன் இடத்தில் போய் உட்கார்ந்து கணினியைத் திறந்தான். பிறகு தானே ஒன்றை எடுப்பதற்காக எழுந்து ஓர் அடி வைத்தான். சட்டென்று நின்றான். திரும்பி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே, குனிந்து, தன் கணினியைப் பூட்டினான்.