பார்வையாளர் நேரத்துத் தோட்டம்

முழங்கால் உயரத் தடிகள், நுனியில் சிவப்புப் பூச்சு. புல் வெட்டுபவர் கன்றுகளையும் சேர்த்து வெட்டிவிடாதிருக்க நானே நட்டவை. கிளிநொச்சிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில், நோயாளிகள் நடந்து தேறுவதற்கான தோட்டம் அமைக்க மூன்று மாதம் தங்கியிருந்தேன். பாதையின் சரிவு, கைப்பிடியின் உயரம், பிற்பகல் நிழல் விழும் இடம் எல்லாம் அளந்திருந்தேன். திறந்து பத்து நாளாகியும் சீமெந்து விறாந்தையை விட்டு ஒருவரும் இறங்கவில்லை.

வட்டக்கச்சி ஊர்க்காரர் என்பதால் எல்லாரும் வட்டக்கச்சி அக்கா என்று அழைத்த நோயாளி, அந்த விறாந்தையில்தான் காலையில் நடை பழகுவார். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள், பொய்க்கால் புதிது. அவர் பகிடி விட்டுச் சிரிப்பது நோயாளர் விடுதி முழுக்கக் கேட்கும். மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் அது நின்றுவிடும். மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சோற்றுப் பார்சலும் சுடுதண்ணிப் போத்தலுமாக உறவினர் நிற்பார்கள். அவரைத் தேடி யாரும் வருவதில்லை. போர்வையால் முகத்தை மூடி, நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை தூங்குவதுபோலக் கிடப்பார். இன்றும் எந்த வைத்தியசாலைக்குத் தோட்டம் வரைந்தாலும், ஐந்து மணிக்குப் போர்வை ஏறும் கட்டில் எது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அந்த நேரத்தில் தோட்டத்தில் போய் இருக்கலாமே என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"உதுக்கை ஆர் தம்பி இறங்குவினம்? மிதிவெடிக்குக் குத்தினமாதிரிச் சிவப்புத் தடி குத்தி வைச்சிருக்கிறியள். சீனிக்கு ஒரு கால் குடுத்தாச்சு. மற்றதை உங்கட பூவுக்குக் குடுக்கேலாது."

போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் மிதிவெடி நிலங்களை இப்படித்தான் குறித்திருந்தார்கள்; விறகுக்குப் போனவர்கள், சிவப்பு நுனி தெரிந்த இடத்தோடு திரும்பியிருக்கிறார்கள். கொழும்பில் வளர்ந்த எனக்கு அது தோன்றவேயில்லை. அன்றே எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அக்கா விறாந்தை விளிம்பில் நின்று, "நீங்கள் முன்னால நடவுங்கோ" என்றார். நடந்தேன். ஈரமண் பாதையில் என் அடி பதிந்த இடங்களிலேயே தன் அடியை வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி மர வாங்குவரை வந்து அமர்ந்தார். நீளச் சட்டை பொய்க்காலை மறைத்திருந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அவரையும் பார்வையாளர் என்று நினைத்து, "ஆரைப் பாக்க வந்தனீங்கள் அக்கா?" என்று கேட்டாள்.

அக்கா, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் காட்டினார்.

"உந்தப் பொடியனைத்தான். ஊருக்குப் புதுசு. பாக்க ஒருதரும் வாறேல்லையாம்."

பகிடிதான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் என்னைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான்.